பதினொரு டிகிரி

மருந்துக் கிடங்கில் அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர்பெட்டியின் வெப்பநிலையை எழுதிக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. ஆனால் மேற்பார்வையாளர் காலையிலேயே நாள் முழுவதற்கும் 'நான்கு' என்று எழுதிவிடுவார்.

எட்டு டிகிரியைத் தாண்டினால் ஊசிமருந்து கெட்டுவிடும். அன்று மதியம் பெட்டி பதினொன்று காட்டியது.

"கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுப்பா. தாயில்லாப் பிள்ளைய வச்சிருக்க, வேலையும் போச்சுன்னா?" என்றார் மேற்பார்வையாளர்.

இறந்துபோன என் மனைவிக்குப் போட்ட ஊசிகளும் இப்படியொரு பெட்டியிலிருந்துதான் வந்திருக்கும். நான்கை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"மகராசா, உன் வேலைக்கு இனி நான் பொறுப்பில்ல" என்று முனகிக்கொண்டே, மருந்துகளைத் தனியே எடுத்துவைக்க அவரும் வந்தார்.

அன்று மகளுக்கு ஊட்டும்போது எனக்கும் பசித்தது. அப்படிப் பசித்துப் பல மாதம் ஆகியிருந்தது.