பல்லிக்குப் பிடிக்காத பெண்

எங்கள் வகுப்புக்குப் பத்து டேப்லெட்டுகள் வந்திருந்தன. நாம் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். பிழை வந்துவிடுமோ என்று பயந்தே கதை எழுதாத பிள்ளைகள் இனியாவது எழுதுவார்கள் என்று எனக்கு ஆசை. இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தேன். மொத்தம் பத்தொன்பது பேர். ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த பெண் மட்டும் தனியாக ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

அவளுக்கு ளகரம் வராது. முதல் நாள் "உல்லேன் டீச்சர்" என்றதற்கு வகுப்பே சிரித்தது. அன்று மூடிய வாய், மூன்று வாரமாகத் திறக்கவில்லை.

இப்போது டேப்லெட்டை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் அதை என் கணினி வழியாகப் பெரிய திரையில் போட்டுவிட்டேன்.

"எனக்குப் பல்லி பிடிக்கும். பல்லிக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை."

வகுப்பு குலுங்கியது.

"பல்லிக்கே பிடிக்கலையாம்டா!" என்றான் ஒருவன்.

"பின்ன, அது சுவத்துலேர்ந்து எறங்கி வந்து இவளுக்குக் கை குடுக்கணுமாக்கும்!" என்றாள், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது. அவள் சொன்னது பல்லி இல்லை, பள்ளி.

பிழை திருத்தியே பிழைப்பு நடத்துகிறவள் நான். கை தானாகக் கணினிக்குப் போனது. ஓர் எழுத்தை மாற்றினால் பிழை போய்விடும். குழந்தையின் மனசு அத்தனை பேர் முன்னால் திறந்து கிடக்கும். மாற்றாவிட்டால் இந்தச் சிரிப்போடு அவள் வாய் ஒரேயடியாக மூடிக்கொள்ளும். கடவுளே, இவள் விஷயத்தில் என்னைத் தவறவிடாதே என்று வேண்டிக்கொண்டு கையை எடுத்தேன்.

"கதை நல்லா ஆரம்பிச்சிருக்கு. பல்லிக்கு ஏம்மா உன்னைப் பிடிக்கலை?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. டேப்லெட்டை மெல்ல வாயருகே கொண்டுபோனாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அது கூட்டமாக மேலே இருக்கும். நான் அண்ணாந்து பார்ப்பேன். பேசினால் ஓடிவிடும். அதனால் பேசமாட்டேன்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள் வாயாடி.

"தெரியல."

"தெரியலன்னா? பாதியில விட்டா அது அங்கேயே தொங்கிட்டுல்ல கிடக்கும்!" வாயாடி எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். "கொஞ்சம் தள்ளுடி. நீ சொல்லு, நான் படம் வரையறேன்."

அவள் தள்ளி உட்கார்ந்தாள். ஒருத்திக்கு இடம் கேட்டதற்கு, சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு, மூன்று பேர் உட்காரும்படி இடம் விட்டாள்.