ராகு காலத்தில் கழற்றிய சக்கரம்

மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க சித்தப்பா" என்றாள் தேவசேனா.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அன்று காலையில்தான் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பழனிக்குமாரின் வீடு கீழே பழனி அடிவாரத்தில். வியாழக்கிழமை என்பதால் ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் மணப்பெண் புகுந்த வீட்டில் வலது காலை எடுத்து வைத்தாக வேண்டும். வண்டி ஓட்டியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் சுப்புராஜ், தேவசேனாவுக்குச் சித்தப்பா முறை. பொண்ணு மாப்பிள்ளை என் காரில்தான் இறங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, விடியுமுன்னே பூ ஜோடித்துக் கொண்டுவந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய அக்கா முருகேஸ்வரி, தேவசேனாவின் மாமியார்.

"என்னம்மா, வாந்தி வருதா?" என்றார் சுப்புராஜ்.

"இல்லைங்க. பிரேக் மிதிக்கிறப்பல்லாம் வண்டி உதறுது. கருகுன வாசம் வேற வருது. முன்சக்கரத்து டிஸ்க் தேஞ்சிருக்கு."

சுப்புராஜ் கடகடவென்று சிரித்தார். "போன வாரந்தான் புது பேடு போட்டிருக்கேன். மாப்ள, உன் பொண்டாட்டிக்குப் பயம்டா."

பழனிக்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தேவசேனா ஒட்டன்சத்திரத்தில் ஒரு பட்டறையில் பிரேக் வேலை பார்க்கிறவள். டிப்ளமோ முடித்து ஆறு வருஷமாக அதே சோலிதான். சொந்தக்காரர்களிடம் அவன் அதை 'கம்பெனி வேலை' என்று சொல்லிவைத்திருந்தான்.

அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தியபோது காலடியில் தரையே அதிர்ந்தது.

"நிப்பாட்டுங்க" என்றாள் மறுபடி. இந்த முறை குரலில் மரியாதை மட்டும் இருந்தது, கெஞ்சல் இல்லை. வடகவுஞ்சி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டி நின்றது.

பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் அருகே குந்தினாள். கம்பிகளின் இடைவெளியில் டிஸ்க் தெரிந்தது, பிரேக் பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டு. இசைத்தட்டு மாதிரி வரி வரியாகக் கோடு. நடுவில் குழிந்து, ஓரத்தில் மட்டும் வரப்பு போல மேடு. சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள்.

"இத முன்னாடி லேத்துல கடைஞ்சீங்களா சித்தப்பா?"

"ரெண்டு தடவ. கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்தான்."

"கடைஞ்சா மொழுமொழுன்னு ஆகும், கனம் கொறைஞ்சு போகும். கனம் இல்லாத டிஸ்க்கு எறக்கத்துல சூடு தாங்காது. இன்னும் முப்பது வளைவு இருக்கு. புது பேடு போட்டதால மட்டும் பிரேக் பிடிச்சிராது."

"ஏம்மா, இருவது வருஷமா இந்த மலையில ஓட்டுறவன் நான். மாலையும் கழுத்துமா நடுரோட்டுல நின்னா அபசகுனம். ஏறு வெரசா."

"நான் ஏறல."

"தேவசேனா, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கயேன்" என்றான் பழனிக்குமார் தாழ்ந்த குரலில்.

"இன்னைக்கு ஒரு நாள்தாங்க வண்டியில எல்லாரும் இருக்கோம்."

அப்போது முன்கதவு திறந்தது. முருகேஸ்வரி இறங்கினாள்.

"அக்கா, நீ எதுக்கு எறங்குற?"

"எனக்கும் ரெண்டு மாசமா இந்த உதறல் தெரியுது. கேட்டதுக்குப் பொம்பளைக்கு என்ன தெரியும்னு சொன்னல்ல? தெரிஞ்ச பொம்பள ஒருத்தி வந்துட்டா. நான் அவகூட பஸ்ஸுல வாரேன்."

பழனிக்குமார் மாமனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மாலை கதவில் மாட்டிக்கொள்ள, அதைப் பிய்த்துக்கொண்டு இறங்கினான்.

"யார் சொல்லையும் கேக்காட்டி, செகண்டு கியர்லயாவது போங்க சித்தப்பா. நடுவுல ரெண்டு தடவ நிப்பாட்டி ஆற விடுங்க" என்றாள் தேவசேனா. சுப்புராஜ் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். பூ ஜோடித்த கார் காலியாக இறங்கியது.

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடிவாரத்தில் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று ஐம்பது. ஆரத்தித் தட்டு தரையில் கிடந்தது. சுப்புராஜ் தெருச் சனத்தையே கூட்டிவைத்திருந்தார்.

"பாத்துக்கங்கப்பா. முழுசா வந்து நிக்கேன். ஒரு கீறல் இல்ல. மூணு மணி வரைக்கும் இனி பொண்ணு வாசல்லதான் நிக்கணும்."

தேவசேனாவுக்குக் கால் வலித்தது, அழுகையும் வந்தது. அழவில்லை.

"நீங்க நல்லபடியா வந்தது சந்தோசம். ஆனா நல்லபடியா வந்ததால வண்டி நல்லாருக்குன்னு ஆயிராது. மூணு மணி வரைக்கும் நேரம் கெடக்குல்ல? சக்கரத்தக் கழட்டிப் பாப்போம். எம் பேச்சு தப்புன்னா இந்தத் தெருவுல உங்க கால்ல விழுறேன். சரின்னா ரெண்டு பக்க டிஸ்க்கையும் மாத்தணும்."

இத்தனை பேர் முன்னால் சுப்புராஜால் மறுக்க முடியவில்லை. எதிர்ச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் பொன்னுவேல் ஜாக்கியோடும் அளவு பார்க்கும் காலிப்பரோடும் வந்தார். சக்கரம் கழன்றது. டிஸ்க்கின் நடுப்பகுதியில் கம்பெனிக்காரன் பொறித்த எழுத்தைத் துடைத்துப் படித்தார்: குறைந்தபட்சக் கனம் இருபது மில்லிமீட்டர். காலிப்பரால் கவ்விப் பார்த்தார்.

"இருவத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"அப்படிச் சொல்லு!" சுப்புராஜ் தொடையைத் தட்டினார். கூட்டம் தேவசேனாவைப் பார்த்தது. பழனிக்குமாரின் முகம் வெளுத்தது.

"அண்ணே, ஓரத்து மேட்டுல கவ்வுது" என்றாள் அவள். "பேடு தேய்க்கிறது உள்பக்கம். ரெண்டு பக்கமும் ஒரு நாணயம் வச்சு, அதுக்கு மேல அளங்க. அப்புறம் நாணயத்தோட கனத்தக் கழிச்சிருங்க."

பொன்னுவேல் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு நாணயம் எடுத்து வைத்து அளந்தார். இருபத்திரண்டு புள்ளி மூன்று. நாணயங்கள் சேர்ந்து மூன்றரை.

"பதினெட்டு புள்ளி எட்டு" என்றார். கைவிளக்கை அடித்துக் குனிந்தவர், "இங்க முடி மாதிரி ஒரு வெடிப்பும் ஓடுதுங்க. எறக்கத்துல இத நம்பி வந்திருக்கீங்களேய்யா?" என்றார்.

சுப்புராஜ் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"ஒரு மில்லிக்கு இம்புட்டு ரகளையா?"

"ஆமாங்க சித்தப்பா" என்றாள் தேவசேனா. "ஒரு மில்லிக்குத்தான்."

பழனிக்குமார் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "எம் பொண்டாட்டி ஒட்டன்சத்திரத்துல பிரேக் மெக்கானிக்கு." யாரும் கேட்காமலேயே சொன்னான். தேவசேனா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது.

மூன்று மணி அடித்ததும் முருகேஸ்வரி ஆரத்தியைப் புதிதாகக் கரைத்து எடுத்தாள். மறுவீட்டுக்கு மூன்றாம் நாள் எல்லோரும் பஸ்ஸில்தான் போனார்கள். சுப்புராஜ் வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு பக்கமும் புது டிஸ்க் போட்டார். தான் எப்பவோ மாற்ற நினைத்ததுதான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தேவசேனா அதை மறுக்கப் போகவில்லை.