குறுக்கே போகாத கப்பல்

படம் முழுக்கத் தெளிவாக இருந்தது. வேண்டிய இடம் மட்டும் சேறு கலக்கிய தண்ணீர். எத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் பாறைப் பிளவு அவள் கண்ணில் படவில்லை.

கடலடிப் பாறையைப் படம்பிடிக்கக் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. ஒலியை வாங்கும் எட்டு கிலோமீட்டர் கேபிள்களை இழுத்துக்கொண்டு கப்பல் பிளவுக்குக் குறுக்கே போக வேண்டும்; அப்போதுதான் எதிரொலி ஒழுங்காகத் திரும்பும். அப்படித்தான் கோடு போட்டிருந்தாள். ஆனால் குறுக்குக் கோடுகள் குட்டை, அடிக்கடி திரும்ப வேண்டும். அவ்வளவு நீள வாலோடு ஒரு தரம் திரும்ப மூன்று மணி நேரம். மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. கோடுகளைப் பிளவோடு சேர்ந்தே ஓடும்படி மாற்றிவிட்டார், புண்ணியவான்.

பிளவோரம் வாயு அடைந்திருந்தால், துளை வழியே பீறிட்டு வெடிக்கும்; துளை போடுகிறவர்கள் கதி அதோகதி. திங்கட்கிழமை எண்ணெய்க்காக அங்கே துளை போடப் போகும் கடல் மேடையில் அவள் தம்பி இருந்தான்.

கதவைத் தட்டாமலே மேலாளர் அறைக்குள் போனாள்.

"குறுக்கே இன்னொரு தரம் ஓட்டணும் சார். அதுவரைக்கும் துளை போடக் கூடாது."

"படம் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"மாப்பிள்ளை தலைய வெட்டிட்டு எடுத்த கல்யாண ஃபோட்டோவும் நல்லாத்தான் சார் இருக்கும்."

அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாற்றிய திட்டம். கீழே அவள் கையெழுத்து.

இரண்டு வாரம் மல்லுக்கட்டி வாய் வலித்து, எப்படியோ தொலையட்டும் என்று போட்டது. அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது.

"வெளிய சொன்னா போறது உங்க வேலைதான்."

"போகட்டும் சார்."

இருக்கைக்குத் திரும்பி, துளைக் குழுவுக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுதினாள்: 'இந்தப் படத்தில் பிளவு தெரியவில்லை. தெரியாது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். துளை போட வேண்டாம்.' மேலாளர் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான்.

"வேலைய நிறுத்திட்டாங்கக்கா."

"நல்லதாப் போச்சுடா."



"அந்த இடத்துல வாயு இருக்கும்னு எங்க ஆளுங்க ரெண்டு பேரு வர மாட்டேன்னுட்டாங்க. அவங்கள நான்தான் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன். எங்க அக்கா கையெழுத்துப் போட்டிருக்கான்னு சொன்னேன்."