இடுப்புக்குள் ஒரு புள்ளி

முதுகில் ஊசி போட்ட பிறகு முனியம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்ள கோலியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு வந்திருந்தாள். அவளைக் கழிவறைக்குத் தூக்கிப்போவதற்காகவே மருமகள் கலைப்பிரியா புதுச்சேரிக் கம்பெனியில் லீவு போட்டிருந்தாள். அடுத்த மாதம் போகாவிட்டால் வேலை போய்விடும்.

தொடையெலும்பில் கம்பி இறக்கி, காலின் அசைவைக் கம்ப்யூட்டரின் கேமரா பார்ப்பதற்காகச் சின்னப் பந்துகளை மாட்டினார்கள். டாக்டர் சுதாகர் காலைத் தூக்கி வட்டமாகச் சுழற்றினார். தொடை எப்படிச் சுழன்றாலும் நகராத புள்ளி ஒன்று இடுப்புக்குள் உண்டு. அதைக் கம்ப்யூட்டர் பிடித்தால்தான் எலும்பை நேராக வெட்ட முடியும்.

பிடிக்கவில்லை; தப்பு என்று பீப் அடித்தது. மறுபடி சுழற்றினார். மறுபடியும் அதே பீப்.

"இடுப்பு கூடவே ஆடுது. மாசிலாமணி, நல்லா அமுக்கிப் பிடிய்யா."

"புடிச்சிக்கினுதான் சார் இருக்கேன். புடிச்சா காலே சுத்தல. துருப்புடிச்ச கீலு மாதிரி நிக்குது," என்றான் இடுப்பைப் பிடித்திருந்த உதவியாள்.

முனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து, கட்டுப் போட்டதில் இடுப்பு மூட்டு இறுகிப்போனது. அதிலிருந்து காலை எடுத்து வைக்க வேண்டுமென்றால் இடுப்பையும் சேர்த்துத் தூக்குவாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அப்படித்தான் நடந்தாள். மாமியார் கண்டுபிடித்தபோது மூத்தவன் பிறந்துவிட்டான். ஆபரேஷனுக்கு ஆள் எடுத்த திண்டிவனம் முகாமில் சின்ன டாக்டர் காலைத் தூக்கச் சொன்னபோதும் அதே வித்தைதான். வேறு கோளாறு இருந்தால் கழித்துவிடுவார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். எக்ஸ்ரே படம் முழங்காலுக்கு மட்டும்தான் எடுத்தார்கள்.

"ஏம்மா, இடுப்புல எப்பயாவது அடிபட்டுச்சா?"

"இல்லீங்க சார்."

எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரையில் தொடையெலும்பின் பந்துமுனையும் அது சுழல வேண்டிய இடுப்புக் கிண்ணமும் ஒரே வெள்ளைக் கட்டியாக இருந்தன.

"இதை வச்சிக்கினு முழங்கால மாத்தினா நிக்காது. மொதல்ல இடுப்பு. அது இங்க முடியாது, மெட்ராஸ்தான் போவணும்," என்றார் டாக்டர். ஆபரேஷனை அதோடு நிறுத்தி, கம்பியைக் கழற்றினார்கள்.

வார்டில் கலைப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தெனம் நான்தான தூக்கறேன். எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா அத்த?"

மெட்ராஸுக்கு யார் கூட்டிப்போவது என்று இருவருமே கேட்கவில்லை.

கலைப்பிரியா கம்பெனிக்குப் போன் போட்டாள். "இனிமே வர முடியாது சார். வேற ஆளப் பாத்துக்கோங்க." பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பெட்பேனை எடுத்தாள்.

முனியம்மாள் வழக்கம்போல இடுப்பைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தாள். அது இன்னும் மரத்தே கிடந்தது.

"கம்முனு படு," என்று சொல்லி, கலைப்பிரியாவே தூக்கினாள்.