அத்தான் எடையில் ஒரு மணல் மூட்டை

1

இந்தக் கதை ஒரு மணல் மூட்டையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் நான் எழுதிய முதல் வரி வேறு: 'போரைக் கண்ட வண்டிகள் மௌனமாக நின்று—'

அக்கா படித்துவிட்டு, "எந்த வண்டிடி மௌனமா நிக்குது? நம்ம ஜீப்பு கிளம்பினா தெருவே எந்திரிச்சு உக்காருது" என்றாள். அடித்துவிட்டேன்.

பழைய ராணுவ வண்டிகளின் ஷாக் அப்சார்பர்களைப் பிரித்துச் சரிசெய்வது அக்காவின் தொழில். அதே பட்டறையின் மறுகோடியில் அத்தான் வண்டிகளுக்கு சீட் தைப்பார். நான் தங்கை. எழுதுகிறேன், அதாவது வேலை நடக்கிற இடத்தில் குறுக்கே நிற்கிறேன்.

2

அடுத்த வரைவில் அத்தானை ஓய்வுபெற்ற சிப்பாய் ஆக்கினேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. டயர் வெடித்தால் மேசைக்கடியில் தேடவேண்டிய மனிதர் அவர்.

ஆகவே உள்ளதையே சொல்கிறேன். எட்டு மாதமாக அவருக்கு முதுகெலும்பில் நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. வழியில் பதினொரு வேகத்தடைகள். வாடகைக் கார் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். வாய் திறந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த தடவை நம்ம ஜீப்புல கூட்டிட்டுப் போயேன். சீட்டு நான் தைச்சது."

அக்கா மறுநாளே நான்கு ஷாக்குகளையும் கழற்றிவிட்டாள்.

3

(மெக்கானிக் வாசகர்கள் பொறுத்தருள்க. தப்பிருந்தால் அக்காவிடம் சண்டைக்குப் போங்கள். ஜெயிக்க மாட்டீர்கள்.)

இந்த ஷாக் என்பது ஒரு தடித்த இரும்பு உருளை, அதிலிருந்து நீளும் ஒரு கை. உள்ளே ஆயில். வண்டி குதிக்கும்போது கை அசையும், ஆயில் சின்னத் துளை வழியாக முண்டியடித்துப் போகும், குதிப்பு அடங்கும். அக்கா மை போலக் கறுத்திருந்த பழைய ஆயிலை வடித்தாள். ஆயில் கசியாமலிருக்கப் புது சீல் போட்டாள். மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து, புது ஆயில் ஊற்றி, கையை ஏற்றி இறக்கினாள். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. "எந்த இடத்துல கை லேசாப் போகுதோ, அங்க காத்து இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே அரைநாள் ஆட்டினாள்.

கடைசியில் ஒரு திருகு. இறுக்கினால் வண்டி விறைக்கும், தளர்த்தினால் மெத்தென்று போகும். எவ்வளவு என்று முடிவுசெய்ய, உட்காரப்போகிறவர் எடைக்கு ஒரு மணல் மூட்டையை சீட்டில் வைப்பது அக்காவின் வழக்கம். அத்தானுக்கென்று ஒரு மூட்டை தனியாக உண்டு. எண்பத்திரண்டு கிலோ. மிச்ச கான்வாஸில் அவரே தைத்தது.

(அதில் வெள்ளை நூலால் அவர் பெயர் இருந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். இருந்தது எண்ணெய்க் கறைதான்.)

மூட்டையை இருவருமாக இழுத்து ஏற்றினோம். அக்கா வண்டியின் மூலையை முழு பலத்தோடு அமுக்கி விட்டாள். ஒருமுறை எழும்பி, அப்படியே நின்றது.

வெள்ளோட்டத்தில் அத்தான் முன்சீட்டில், நான் பின்னால். முதல் வேகத்தடை. எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டாள். "பஞ்சு மெத்தை" என்றார். கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

ஷாக்கில் குறையில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் போன முறை எழுதிய எடை ஐம்பத்து நான்கு. அக்காவும் பார்த்தவள்தான். ஆயிலைச் சொட்டுக் கணக்கில் அளக்கிறவள், அதை மட்டும் பார்த்தும் பார்க்காதவளாக இருந்துவிட்டாள்.

4

முடிவு ஒன்று: நான் சொல்கிறேன். "அக்கா, மூட்டையில மணலக் குறைக்கணும்." இந்த வரியை எழுதிவிட்டேன். அடுத்து அவள் முகத்தை எழுத வேண்டும். என்னால் ஆகவில்லை.

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமல் நானே மணலை அள்ளிவிடுகிறேன். கோழைக்கு ஏற்ற முடிவு. எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை அதற்காகத்தான் சீக்கிரமே பட்டறைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் யாரோ வந்திருந்தார்கள். மூட்டையின் வாய் புதிதாகத் தைத்திருந்தது. அரிசி அரிசியாக நெருக்கித் தைத்த தையல். அந்தக் கை ஒருவருக்குத்தான் உண்டு. பக்கத்தில் இரண்டு வாளி மணல், மேலே கான்வாஸ் துண்டு. அத்தான் தையல் மெஷினில் குனிந்திருந்தார். மெஷினில் நூலே கோக்கவில்லை.

அக்கா வந்தாள். மூட்டையின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். சட்டென்று எழும்பிவிட்டது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"மணல் காஞ்சிருச்சு போல" என்றாள்.

"வெயில் காலம்ல" என்றார் அத்தான், திரும்பாமல்.

அக்கா நான்கு திருகுகளையும் தளர்த்தினாள். அமுக்கி விட்டாள். மெல்ல எழுந்து நின்றது வண்டி. மணலை வெளியே கொட்டிவிடலாம் என்று நான் ஒரு வாளியைத் தூக்கினேன்.

"வையிடி அதை. அவரு தேறி வந்தா எங்க போயி மணல் தேடுறது?"

வைத்தேன். அழுதேன். அதை அழகாக எழுதத் தெரியவில்லை.

5

நாளை ஆஸ்பத்திரி. பதினொரு வேகத்தடையில் ஒன்றில்கூட அத்தான் கண்ணை மூட மாட்டார். இதைத் தைரியமாக எழுதுகிறேன், ஏனென்றால் அது அக்காவின் வேலை.

வாளியில் இருக்கும் இருபத்தெட்டு கிலோவை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மூட்டைக்குத் திரும்பியது என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் எழுதினால் அக்கா நம்ப மாட்டாள். நான் கதை விடுகிறவள்.

ஒன்று மட்டும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூட்டையின் வாயில், கடைசித் தையலுக்கு அத்தான் முடிச்சுப் போடவில்லை. நூலை நீளமாக விட்டிருக்கிறார், இழுத்தால் பிரிகிற மாதிரி.

மணல் அள்ள ஒரு குவளையை வாளிமேல் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் வந்து பிரியுங்கள்.