உரிமையாளர் இல்லை

அன்று மாலை தையல்காரம்மாவின் கடையில் ஐந்து பேர் இருந்தோம். அவர் தையல் இயந்திரத்துக்குப் பின்னால், மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். காகிதம் விரிக்க இடம் வேண்டுமென்று துணி வெட்டும் மேசையின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு எதிரே முக்காலியில் என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை என்பதுதான் பெயர். சுவரோரம், சீருடைத் துணி மூட்டையின் மேல் என் தங்கை. வண்டியைப் பார்த்துச் சொல்ல நாங்கள் கூட்டிவந்த மெக்கானிக், கையெல்லாம் கிரீஸ் என்று உள்ளே வராமல் வாசற்படியில். அவர் முதுகுக்குப் பின்னால், தெருவில், நாங்கள் வாங்க வந்த வெள்ளை வேன்.

மாப்பிள்ளைக்குப் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை. அவருடைய பழைய வண்டி படுத்துவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் தன் பெயரில் பதிவுப் புத்தகம் உள்ள வண்டியோடு வந்தால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். அன்று தேதி பன்னிரண்டு.

வண்டியில் குறை ஒன்றுமில்லை. புத்தகத்தில்தான் குறை. அது தையல்காரம்மாவின் கணவர் பெயரில் இருந்தது. முதல் நாள் வந்தபோதே, அவர் எங்கே என்று கேட்டேன்.

“அவர் இல்லைங்க,” என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோர்க்கக் குனிந்துகொண்டார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். மாப்பிள்ளை தலை குனிந்தார். மெக்கானிக் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்துவிட்டு, வாசலில் நின்று ஏதோ ஆறுதல் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கி விண்ணப்பம் எழுதினேன். வாரிசு என்ற கட்டத்தில் தையல்காரம்மாவின் பெயரைப் போட்டேன். அவரும் வேலை அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதிவு அலுவலகத்தில் அதை ஒரே பார்வையில் திருப்பிவிட்டார்கள். இறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று மூலையில் சிவப்பு மையில் ஒரு வரி. அதைக் கேட்டு வாங்கத்தான் அன்று வந்திருந்தோம்.

“சான்றிதழ் நகல் ஒண்ணு வேணும்மா. இறப்புச் சான்றிதழ்,” என்றேன்.

“யாரோடது?”

“அவரோடது.”

மிதிகட்டை நின்றது. “அவர் செத்துட்டாருன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன்.

“நீங்கதானேம்மா, இல்லைன்னு சொன்னீங்க.”

“இல்லைன்னா இங்க இல்லைன்னு அர்த்தம். ஒன்பது வருஷமா இல்லை. அவங்க அக்கா வீட்ல நல்லா சாப்பிட்டுட்டு, நல்லா தூங்கிட்டுதான் இருக்காரு.”

“அட,” என்றார் மெக்கானிக். “நான் அன்னைக்கு உங்ககிட்ட துக்கம் வேற விசாரிச்சேனே.”

“விசாரிச்சீங்க. வண்டிய விக்கறதுக்கு இந்த மனுஷன் ஏன் இப்படி உருகறாருன்னு நானும் பார்த்தேன்.”

“எங்கண்ணன் பேனாவைத் தொட்டா போதும்க்கா. ஒரே வார்த்தையில ஆளை முடிச்சிடும்,” என்றாள் தங்கை.

அது என் தவறுதான். ‘காலஞ்சென்ற’ என்பதை அடித்தேன். அடித்தால் மட்டும் போதாது. ஆள் உயிரோடு இருந்தால் விற்பவர் அவர். படிவத்தில் அவரே மையால் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொன்னேன்.

“ஏன் சார், செத்தவராவே இருந்துட்டுப் போகட்டுமே,” என்றார் மெக்கானிக். “சான்றிதழுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு. ரெண்டே நாள்.”

“உயிரோட இருக்கறவருக்கு நான் சாவுச் சீட்டு வாங்கறதா?” என்றார் தையல்காரம்மா. “எனக்கு அவர் மேல கோபம் உண்டு. அவ்வளவு கோபம் இல்லை.”

“அப்ப பேரை மாத்தாமலே ஓட்டறேன் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “ரோட்ல யாரு கேக்கப் போறா?”

“ரோட்ல கேக்க வேணாம். முதலாளி கேப்பாரு,” என்றாள் தங்கை. “உங்க பேரு இல்லாத வண்டியில ஒரு ரொட்டி ஏறாதுன்னு அவர் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?”



“உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுடலாமேம்மா,” என்றேன்.

“நான் எழுத மாட்டேன்.” இந்த முறை அவர் குரலில் விளையாட்டு இல்லை. “ஒன்பது வருஷத்துல ஒரு வரி எழுதினதில்லை. இப்ப எழுதினா, கஷ்டத்துல கிடக்கறா, அதான் தேடறான்னு நினைப்பாரு. அவங்க அக்கா தெரு முழுக்கச் சொல்லுவாங்க.”

மாப்பிள்ளை முக்காலியிலிருந்து எழுந்தார். “இந்த அக்காவுக்குப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க மச்சான். நான் வேற வண்டி பார்க்கறேன்.”

“பதினெட்டு நாள்லயா?” என்றாள் தங்கை. அவர் திரும்ப உட்காரவில்லை.

தையல்காரம்மா பாதியில் நின்ற சட்டைக் கையை எடுத்துத் தைக்கத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எழுதுங்க,” என்றார். “ஆனா நான் கேக்கற மாதிரி இருக்கக் கூடாது. வண்டி கேக்கற மாதிரி இருக்கணும்.”

புதுத் தாள் எடுத்து, தேதியும் அவருடைய அக்கா வீட்டு முகவரியும் எழுதி, கை பழக்கத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கினேன். படித்துக் காட்டினேன்.

“அதை அடிங்க. ஆவல் ஒண்ணும் இல்லை.”

வேறு தாள் எடுத்தேன். ‘ஐயா, தங்கள் பெயரில் உள்ள வேன் விற்கப்பட இருக்கிறது. இணைப்பில் உள்ள படிவத்தில் பென்சிலால் குறியிட்ட இரண்டு இடங்களில் கையெழுத்திட்டு, உடன் வைத்துள்ள உறையில் இம்மாதம் இருபதாம் தேதிக்குள் கிடைக்குமாறு அனுப்பவும்.’ இப்படிக்கு என்பதன் கீழே எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

“வண்டிய வச்சிருக்கிறவள்னு போடுங்க.”

அப்படியே போட்டேன். பதில் உறையின் மேல் மாப்பிள்ளையின் முகவரியை எழுதினேன். தன் முகவரி வேண்டாம் என்று தையல்காரம்மா முன்பே சொல்லியிருந்தார். தாளை மடிக்கப்போனபோது, “இருங்க,” என்றார்.

“வண்டி நல்லா ஓடுதுன்னு ஒரு வரி சேர்த்துக்கங்க.”

“கையெழுத்து வாங்க அது தேவையில்லையேம்மா.”

“உங்களுக்குத் தேவையில்லை. அவர் போறப்ப அது ஓடாமத்தான் கிடந்துச்சு. ரிப்பேர் பண்ணி, ஓட்டக் கத்துக்கிட்டு, இத்தனை வருஷமா இந்தத் துணியெல்லாம் அதுலதான் நான் ஏத்தி இறக்கினேன்.”

‘வண்டி நல்ல ஓட்டத்தில் இருக்கிறது’ என்று எழுதினேன்.

அவர் தாளை வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்தார். இந்த முறை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். படிவத்தையும் பதில் உறையையும் கடிதத்தோடு ஒரு பெரிய உறைக்குள் வைத்து, அதன் வாயைப் பசையால் ஒட்டி, சூடு இல்லாத இஸ்திரிப் பெட்டியைச் சற்று நேரம் அதன் மேல் வைத்தார்.

அஞ்சலகம் மூடக் கால் மணி நேரம் இருந்தது. நானும் மாப்பிள்ளையும் வேகமாக நடந்தோம். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையை எடை போட்டு, “ஒப்புகை அட்டை வைக்கணுமா, கடிதம் கிடைச்சதுன்னு அவர் கையெழுத்தோட திரும்பி வர்றதுக்கு?” என்று கேட்டார்.

“வைங்க,” என்றார் மாப்பிள்ளை, நான் வாய் திறப்பதற்குள்.

சன்னல்காரர் அட்டையைச் செருகி, இரண்டு முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.