ஏரிக்கரை மருமகளின் உப்பு

"சத்தமாப் பாடு. ஊரே உன் வாயத்தான் பாத்துக்கிட்டிருக்கு" என்று சோனுன் அத்தை முழங்கையால் இடித்தாள்.

ஜிபார் துக்கத்துக்காக வீட்டு முன்னால் போட்ட கூடாரத்தின் கம்பளிச் சுவரைப் பார்த்து, வந்தவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒப்பாரியின் அடுத்த அடியை எடுத்தாள். குரல் பிசிறியது. வெளியே குதிரைகள் வந்து நிற்க நிற்க, ஆண்கள் கம்பை ஊன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். அதில் அவள் கணவன் கூபானின் குரல் தனியாகத் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் மாமனார், அத்தையின் ஒரே அண்ணன் ஜுமாலி வெள்ளைத் துணிக்கு அடியில் நீட்டிப் படுத்திருந்தார். பதினொரு வருஷமாக அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஒப்பாரியிலும் சொல்லக் கூடாது. 'குதிரைக்காரரே, குன்று போல நின்றவரே' என்று சுற்றி வளைத்துப் பாடினாள்.

வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு நகர்ந்ததும் அத்தை காதோரம் வந்தாள்.

"உண்மையச் சொல்லு. அண்ணன் உங்கிட்டச் சொன்னாரா, இல்லையா?"

என்ன என்று ஜிபார் கேட்கவில்லை. போகப்போகிறவர் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கிட்டே அழைத்து, 'உன்மேல எனக்கு மனசு நெறஞ்சிருக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அந்தப் பள்ளத்தாக்கில் அதுதான் வழக்கம். அந்தச் சொல் கிடைக்காத மருமகள் சாகும்வரை அந்தக் குறையைச் சுமக்க வேண்டியதுதான். மகனிடம் சொல்லியிருந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டும் சொல்லியிருந்தார். ஜிபாரிடம் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ஊர் சந்தேகப்படுவதற்குக் காரணமும் இருந்தது. ரத்தத்தில் நோய் என்று தெரிந்தபோது, "என்னை விட்டுடுங்க, மலையப் பாத்துக்கிட்டே போயிடுறேன்" என்றுதான் அவர் சொன்னார். ஜிபார்தான் பிடிவாதமாகத் தலைநகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குளிர்காலம் முழுக்க ஊசியும் மருந்தும் ஏறின. முடி கொட்டியது. பெரிய கம்பளித் தொப்பி காது வரை இறங்கும் அளவுக்கு முகம் சிறுத்துப் போனது. பனி உருகும்போது, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அவர் மருமகளின் கையால் சாப்பிடுவதை நிறுத்தினார். ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கொடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சூப்புக்கும் அதே கதிதான். கூபான் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போன கோபம் இன்னும் ஆறவில்லை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஜிபாரும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்கு அதைவிட வலித்தது வேறொன்று. அவர் உப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அவள் ஏரிக்கரை ஊர்க்காரி. அந்த ஏரித் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். கல்யாணமாகி வந்து அவள் சுட்ட முதல் ரொட்டியைக் கடித்ததும் ஜுமாலி எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏரிக்கரைக்காரி, குளிச்சுக் குளிச்சு உப்பையெல்லாம் உடம்புலயே வச்சுக்கிட்டா. மாவுல போட மனசு வரமாட்டேங்குது." அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒரு வேளைக்கு அந்தப் பேச்சு வரும். அவள் தலையைக் குனிந்தபடி தேநீர் ஊற்றிக்கொண்டே, "அத்தாவுக்கு நாக்குல ஆடு மேஞ்சிருக்கும், அதான் ருசி தெரியல" என்பாள். மாமனார் முகத்தை மருமகள் நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவர் சாப்பிடும்போது வாயைப் பார்க்கவே கூடாது. ஆகவே இருவரும் தரையைப் பார்த்தபடியே பதினொரு வருஷம் சண்டை போட்டார்கள்.

அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்த சோனுன் அத்தை, வருஷத்தின் முதல் குதிரைப்பால் புளித்ததும் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்தாள். இந்தப் பாலுக்கு அடங்காத நோயே இல்லை என்பது அவள் நம்பிக்கை. அவர் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதை ஜிபார் ஒருநாள் கடைக்கண்ணால் பார்த்தாள். துடைக்கட்டுமா என்று கேட்டாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"பால் ஒட்டியிருக்கு. வெள்ளையத் துடைக்கலாமா? வீட்டுக்கு ஆகாது."

பாலும் தயிரும் மோரும் எல்லாம் அங்கே 'வெள்ளை'தான். அதைக் கீழே கொட்ட மாட்டார்கள், குறை சொல்ல மாட்டார்கள். அதனால் யாரும் துடைக்கவில்லை.

ஒரு பிற்பகல். கூபான் குதிரைகளோடு மேட்டில் இருந்தான். அத்தை கண்ணயர்ந்திருந்தாள். ஜிபார் தேநீர் எடுத்துக்கொண்டு போனபோது அவர் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுந்திருந்தது. குனிந்திருக்க வேண்டிய தலையை அவள் குனியவில்லை. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிரை அப்பியதுபோல் வெள்ளை. அதன் ஓரத்தில் புண்ணாகச் சிவந்திருந்தது. அன்று காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்கவில்லை.

அவர் கண் திறந்தார். அவள் நகரவில்லை.

"அத்தா, வாயத் திறங்க. பாக்கணும்."

அவர் நாக்கு தடித்தவர்போலச் சொன்னார்: "மருமக கிட்ட வாயக் காட்டுற காலமாப் போச்சா?"

"நான் பாக்கலைன்னு நெனச்சுக்கோங்க."

அவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். தான் பார்க்காவிட்டால் அவள் பார்ப்பதும் கணக்கில் வராது என்பதுபோல. அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

எரியுதா என்று கேட்டாள். நெருப்பாக எரிகிறது, முழுங்கும்போது கத்தி இறங்குவதுபோல இருக்கிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தங்கை தூங்கும் பக்கம் கண்ணைக் காட்டினார். பால் எரியுதுன்னு எப்படிச் சொல்வது? வெள்ளையைப் பழிச்சுட்டுப் போய்ச் சேர முடியுமா?

"என் ரொட்டியையாவது பழிச்சிருக்கலாமே" என்றாள் ஜிபார்.

"ருசியே தெரியல. தெரியாம எப்படிப் பழிக்கிறது?"

அவள் வெளியே வந்து, கொல்லையில் சாணி வறட்டி அடுக்கியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு ஊர் நர்ஸ் ராக்கியாவைக் கூட்டிவரப் போனாள்.

ராக்கியா டார்ச் அடித்துப் பார்த்தாள். இது பாலும் இல்லை, தயிரும் இல்லை, ஒருவகைப் பூஞ்சைக் காளான் என்றாள். அத்தை பதறிப்போய் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எங்கிருந்தும் வரவில்லை, உங்கள் வாயிலும் இருக்கிறது, என் வாயிலும் இருக்கிறது, உடம்பில் காவல் இருக்கிறவரை அடங்கிக் கிடக்கும் என்றாள் ராக்கியா. ஆஸ்பத்திரி மருந்து நோயை அடித்த அடியில் காவலும் விழுந்துவிட்டது. அதனால்தான் அது வாய் நிறைய வளர்ந்து தொண்டைக்கும் இறங்கியிருக்கிறது.

ஜுமாலிக்கு இது உடனே பிடிபட்டது. "நாய் கெழடாயிடுச்சுன்னு நரிக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "நரி புதுசா வரல. பட்டிக்கு வெளியே உக்காந்துதான் இருந்திருக்கு."

புளித்த பாலை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னாள் ராக்கியா. அத்தையின் முகம் சுண்டிப்போனது. அண்ணன் பங்கையும் நீங்களே குடிச்சுடுங்க, கொட்ட வேண்டாம் என்றதும்தான் சமாதானமானாள். ராக்கியா மஞ்சளாக ஒரு மருந்து கொடுத்தாள். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெதுவாக முழுங்க வேண்டும். வேளைக்கு வேளை ஜிபார் ஊற்றினாள். விரலில் மெல்லிய துணியைச் சுற்றிச் சோடா உப்புத் தண்ணீரில் நனைத்து வாயைத் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை ஒவ்வொரு தடவையும் ஏதாவது வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டாள்.

வெள்ளை மெல்ல விலகியது. முதலில் வெதுவெதுப்பான தேநீர் இறங்கியது, அப்புறம் சூப். ரத்தத்தில் இருந்த நோய் விலகவில்லை. அது விலகாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.

கடைசி நாள் காலையில் கூபானைக் கூப்பிட்டார், தங்கையைக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். இருவரும் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனார்கள். ஜிபார் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து, வழக்கம்போல் தலையைக் குனிந்து, சற்றுத் திரும்பி உட்கார்ந்தாள். அவர் தன் கையாலேயே ஓர் ஓரத்தைப் பிய்த்துக் கடித்தார். மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். இப்போது சொல்வார் என்று நினைத்தாள்.

"உப்புக் கம்மி" என்றார் ஜுமாலி.

அவள் நிமிர்ந்தே பார்த்துவிட்டாள். அவர் கண் மூடவில்லை. மீதி ரொட்டிக்கும் கையை நீட்டினார். வெயில் ஜன்னலை விட்டு ஏறுவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"சொன்னாரா இல்லையா?" என்று கூடாரத்தில் அத்தை மறுபடி இடித்தாள்.

"உப்புக் கம்மின்னாரு, அத்தை."

சோனுன் அத்தை அவளைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். தோள்கள் குலுங்கின. உள்ளே நுழைந்த பெண்கள், பாவம், ஒரே அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். ஜிபார் சுவரைப் பார்த்துத் திரும்பி அடுத்த அடியை எடுத்தாள். இந்தத் தடவை குரல் பிசிறாமல் கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் நிற்குமிடம் வரை போனது.

அடக்கம் முடிந்து வந்த முதல் வியாழக்கிழமை, போனவருக்கு வாசனை போக வேண்டும் என்று எண்ணெயில் ஏழு ரொட்டி பொரிக்க மாவு எடுத்தாள். எப்போதும் போடும் அளவு உப்பைப் போட்டாள். மாவில் கையை வைத்தவள் நிறுத்தினாள். அத்தை அடுப்பை ஊதுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜிபாரின் விரல்கள் உப்புக் கிண்ணத்துக்குள் இன்னொரு தரம் போய்வந்தன.

எண்ணெய் காய்ந்தது. கூபான் எழுந்து போய், அப்பாவை அடக்கம் செய்த குன்றுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தான்.